கலெக்டர் பாராட்டிய மாரிக்கனி

“என் தங்கச்சி போதாதாம், டீச்சர்.”

செருப்பைக் கழற்றுமுன்னே காளிராஜன் சொல்லிவிட்டார்.

ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். மீதி நேரத்தில், இணையக் கலைக்களஞ்சியத்தில் எந்தக் கட்டுரை இருக்கலாம், எது போகவேண்டும் என்று முடிவுசெய்யும் நிர்வாகிகளில் அவளும் ஒருத்தி. அவருக்கு டைப் அடிக்கவும் கட்டுரை எழுதவும் சொல்லிக்கொடுத்தவள். அதனால் அவருக்கு டீச்சர்.

“போதாதுன்னு யாரு சொன்னா, அண்ணாச்சி?”

“யாரோ ஒரு புண்ணியவான். ‘தனிக் கட்டுரைக்கு உரிய முக்கியத்துவம் இல்லை, ஒரு வாரத்தில் நீக்கலாம்’னு மேல பலகை மாட்டிட்டுப் போயிட்டான்.”

தங்கை மாரிக்கனியைப் பற்றி அவர் எழுதியிருந்த கட்டுரையை ரெஜினா திறந்து படித்தாள்.

தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்க அள்ளிக்கொண்டு வந்த காலம். வண்டிக்குள் விளக்குக் கிடையாது. அதே வண்டியில் வேலைக்குப் போன மாரிக்கனி, பக்கத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் விரலால் ஓர் எழுத்துப் போடுவாள். அது அடுத்த பிள்ளையின் கையில் போடும். வண்டி ஆபீசைத் தொடுமுன் எழுத்து கடைசி சீட்டுக்குப் போயிருக்கும். அப்படிப் படித்தவர்களில் நர்ஸ் உண்டு, கண்டக்டர் உண்டு. மாரிக்கனி போன ஆடியில் இறந்துபோனாள்.

“படிச்ச பிள்ளைகள் யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்களே. பத்துப் பதினஞ்சு பேரைக் கூட்டியாந்து, என் போன்லயே ஆளுக்கொரு கணக்கு ஆரம்பிச்சு எழுதவச்சேன். எல்லாம் ஒரே ஆளுதான்னு மொத்தமாத் தடை பண்ணிட்டாங்க.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“தெரிஞ்சவங்க சொல்றது செல்லாது, அண்ணாச்சி. அக்காவைத் தெரியாத ஒருத்தர் எழுதியிருக்கணும்.”

“தெரியாதவன் எதுக்கு எழுதப்போறான்?”

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது மறுபடி வந்தார். கையில் பேப்பர்.

“எழுதிட்டான், டீச்சர். தெரியாதவன் எழுதிட்டான்.”

கால் பக்கம். மேலே கொட்டை எழுத்தில், ‘கலெக்டர் பாராட்டிய மாரிக்கனி’.

ரெஜினா பேப்பரில் ஒரு வரி வாசித்தாள். திரையில் ஒரு வரி வாசித்தாள். கடைசிவரை அப்படியே வாசித்து முடித்தாள்.

“இது நீங்க எழுதினதுதானே.”

“இருக்கட்டுமே. பேப்பர்ல வந்திருச்சுல்ல.”

“கலெக்டர் எப்ப பாராட்டினாரு?”

காளிராஜன் பேப்பரை வாங்கி மடித்தார். ரொம்பச் சின்னதாக மடித்தார்.

“பலகை மாட்டினான்ல, அன்னைக்கு. இங்கேருந்து போனதும் நாந்தான் கட்டுரையில ஒரு வரி சேர்த்தேன். கொஞ்சம் கனமா இருக்கட்டும்னு.”

“அப்ப, அவரு வரவே இல்ல?”

“அந்த வண்டிய ஒரு கலெக்டர் பார்த்திருந்தா, வண்டியவே நிறுத்தியிருப்பாரே, டீச்சர்.”

காளிராஜன் திரையைக் காட்டினார்.

“அந்த ஒரு வரிய எடுத்திருவோம். மத்ததெல்லாம் நெசம்.”

“அந்த வரிக்காகத்தான் பேப்பர்ல போட்டிருக்காங்க. அதை எடுத்தா இந்தச் சான்று நிக்காது. நாளைக்குக் கட்டுரையும் போயிரும்.”

“பேப்பர்க்காரன்ட்டயே திருத்தச் சொல்றேன்.”

“சொல்லிப் பாருங்க.”

அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் ஓர் இளம் குரல் பொறுமையாகக் கேட்டது.

“நீங்க யாரு, சார்?”

“அவ அண்ணன்.”

“கலெக்டர் வரலைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?”

“நான் சொல்றேன்ல, தம்பி.”

“நீங்க சொன்னா எப்படி, சார்? நாங்க கலைக்களஞ்சியத்தைப் பார்த்துல்ல போட்டிருக்கோம்.”

போன் அணைந்தபிறகும் அதைக் காதருகிலேயே பிடித்திருந்தார்.

“என்ன செய்யட்டும், அண்ணாச்சி? நீங்க எழுதின கட்டுரை. நீங்க கேட்டா இப்பவே எடுத்திரலாம்.”

“விட்டா?”

“பேப்பரைச் சான்றாக் காட்டினா நிக்கும். அக்கா கலெக்டரோட இருப்பாங்க.”

காளிராஜன் சன்னலைப் பார்த்தார். அந்த வண்டியை நிறுத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் எத்தனையோ திங்கட்கிழமை நின்றவள் மாரிக்கனி. ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

“எடுத்திரு, தாயி.”

ஒரு சொடுக்கு. அவ்வளவுதான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒற்றை விரலால் தங்கச்சி பெயரை அடித்துத் தேடினார். கலைக்களஞ்சியத்தில் அவள் இல்லை. பேப்பர் செய்தி மட்டும் வந்தது, கலெக்டரோடு.

“இது?”

“இது இருக்கும்.”

“எத்தனை நாளைக்கு?”

ரெஜினா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னைக்காவது அக்காவைத் தெரியாத ஒருத்தர் இதைப் படிப்பாரு. இதையே சான்றா வச்சுப் புதுசா ஒரு கட்டுரை எழுதுவாரு. அதை என்னால நீக்க முடியாது, அண்ணாச்சி.”