பதினொரு வாய் பார்த்த பழரசம்

முதலில் ஒரு புதிர். ஒரு செம்பு நிறையப் பழரசம் சமையற்கட்டிலிருந்து கிளம்புகிறது. வழியில் யாரும் கொட்டவில்லை, திருடவும் இல்லை. எல்லாரும் அவரவர் கடமையைத்தான் செய்தார்கள். ஆனாலும், குடிக்க வேண்டியவள் கைக்கு வரும்போது அடியில் இரண்டு மடக்குதான் இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

நெடுங்குன்றத்து அரண்மனையில் இருந்தவர்களுக்கு விடை தெரியும். அங்கே சுவை பார்ப்பவர்கள் பதினொரு பேர். அரச குடும்பத்தார் வாயில் வைக்கும் எதையும், நஞ்சு கலந்திருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு வாய் குடிப்பார். கால் நாழிகை காத்திருப்பார். சாகவில்லை என்று உறுதியானதும் அடுத்தவரிடம் தள்ளுவார். நஞ்சு பார்க்க ஓர் ஆள் போதாதா என்று கேட்டால், முதலாமவரைச் சரிபார்க்க இரண்டாமவர், இரண்டாமவரைச் சரிபார்க்க மூன்றாமவர் என்று தாண்டவராயர் விளக்கம் சொல்வார். அவர்தான் முதல் சுவைஞர். கழுத்து தெரியாத உடம்பு.

அந்தக் கோடையில் ஆறு வயது இளவரசி கோமளவல்லிக்கு அம்மை போட்டுத் தணிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. குளிர்ச்சியாக நிறையக் குடித்தால்தான் தேறுவாள் என்றார் வைத்தியர். அவளோ எந்தக் குவளையையும் தள்ளிவிட்டாள். அரசர் கோதண்டபூபதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவையில் பூவராகன் என்று ஒரு புலவர். அவர் போய்க் குழந்தையிடமே விசாரித்தார்.

"சூடா இருக்கு மாமா. கொஞ்சூண்டு இருக்கு. அதுலயும் மீசை முடி கிடக்கு," என்றாள் கோமளவல்லி.

பூவராகன் அதை அப்படியே அவையில் சொன்னார். தம் வீட்டில் மனைவி கலக்கும் பழரசத்தைக் கொடுத்தால் குழந்தை குடிப்பாள் என்றும் சொன்னார். தாண்டவராயர் தம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். புலவர் தாராளமாகக் கொண்டுவரட்டும், ஆனால் ஒரே ஒரு செம்புதான், வழக்கப்படி பதினொரு பேரும் பார்த்த பிறகுதான். இளவரசி அதையும் தள்ளிவிட்டால் புலவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றார். குழந்தைக்காக எதையும் செய்யும் நிலையில் இருந்த அரசர் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் காலை பூவராகன் வீட்டில் வேலை நடந்தது. அவர் மனைவி ஆண்டாளம்மை தர்ப்பூசணியை மத்தால் கடைந்து, விதை போக மெல்லிய துணியில் வடித்தாள். மாதுளை முத்துகளைக் கையால் பிழிந்தாள். அம்மியில் வைத்தால் விதை நசுங்கித் துவர்க்கும். இளநீரும் துளி இஞ்சிச் சாறும் தேனும் சேர்த்து, ஈர மணலில் புதைத்த பானையில் குளிர வைத்தாள். கிளம்பும் நேரத்தில்தான் எலுமிச்சை பிழிந்து, இளநுங்கைக் கிள்ளிப் போட்டாள். "முன்னாடியே பிழிஞ்சா கசந்துடும். நீங்க பராக்குப் பார்க்காம நேரா போங்க. ஊரை விட்டுப் போறதுன்னா எனக்கு மூட்டை கட்டவே ஒரு மாசம் ஆகும்," என்றாள்.

அவையில் பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அன்றைக்குக் காலை உணவைக்கூடக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பூவராகன் ஈரத்துணி சுற்றிய செம்பைத் தாண்டவராயர் முன்னால் வைத்தார்.

"ஐயா, ஒன்றை மறைக்கக் கூடாது. இன்று விடியற்காலை இந்தச் செம்பைக் கடைத்தெருச் சாவடியில் கால் நாழிகை காவலில்லாமல் வைத்துவிட்டேன். எனக்கு வேண்டாதவர்கள் ஊரில் உண்டு. நஞ்சு இருக்கிறதா என்று தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

செம்பை நோக்கி நீண்ட கை அப்படியே திரும்பி மீசைக்குப் போயிற்று. தமக்குத் தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார் தாண்டவராயர். இரண்டாமவருக்கு அன்று விரதம். மூன்றாமவர் மைத்துனன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். கல்யாணம் அடுத்த மாதம்தான், ஆனாலும் வழி தொலைவு. இப்படியே வரிசை நகர்ந்தது. பதினோராமவர், பெரியவர்கள் குடிக்காததைத் தாம் குடிப்பது மரியாதை இல்லை என்றார்.

அரசர் முகம் சிவந்தது. "இத்தனை வருஷமாக நீங்கள் எதைத்தான் பார்த்தீர்கள்?"

"தித்திப்பை, அரசே," என்றார் பூவராகன்.

அரசர் சிரிக்கவில்லை. "நீர் பேசாதீர். காவலில்லாமல் கிடந்ததை என் குழந்தைக்கா கொண்டுவந்தீர்?"

பூவராகன் செம்பிலிருந்து ஒரு கை ஊற்றிக் குடித்தார். பிறகு பணிவாகச் சொன்னார்: "புளிப்பு பித்தளையில் படக் கூடாதே என்று செம்புக்கு ஈயம் பூசக் கொடுத்திருந்தேன், அரசே. வாங்கி வரும்போதுதான் சாவடியில் வைத்தேன். அப்போது அது வெறுஞ்செம்பு. வீட்டில் மூன்று தரம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ரசம் ஊற்றினோம். அதற்கப்புறம் என் கையை விட்டு இறங்கவில்லை. காவலில்லாமல் இருந்தது செம்பு என்றேன். பழரசம் என்று சொல்லவில்லையே."

அரசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதினொரு பேரையும் பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினொரு பேரையும் மறுநாள் முதல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அனுப்பினார். பூவராகனுக்குத் தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

கோமளவல்லியை அழைத்துவந்தார்கள். செம்பின் வெளியே இன்னும் வியர்த்திருந்தது. அரசர் அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"கண்ணே, எதற்கும் அப்பா ஒரு வாய் பார்த்துவிட்டுத் தரட்டுமா?" என்றார்.

கோமளவல்லி செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, திரும்பி நின்று, முழுவதையும் குடித்தாள்.