கடைசியாக ஓடிய உடும்பு

கிட்ட வந்து உட்காருங்க. காலை மடக்கிக்கோங்க, பக்கத்தில் இருக்கிறவருக்கும் இடம் வேணும்.

ஒரு காட்டில் கடும் கோடை. குளம் வற்றிப்போய், புளியமரத்தடியில் ஒரே ஒரு ஊற்றுதான் மிச்சம். காலையில் முதலில் குடிப்பவர்களுக்குத் தண்ணீர். பின்னால் வருகிறவர்களுக்குச் சேறு. மேட்டுக்காட்டாரும் பள்ளக்காட்டாரும் தினமும் சண்டை போட்டார்கள்.

"குச்சி ஓட்டம் வைப்போம்!" என்றது மயில். "பக்கத்துக்கு மூணு பேர். குச்சியைக் கவ்விக்கிட்டு ஓடி, அடுத்த ஆள் வாயில் கொடுக்கணும். எந்தப் பக்கத்து ஆள் தன் குச்சியோட முதல்ல இந்தப் புளியமரத்துக் கோட்டைத் தாண்டுறாரோ, மழை வர்றவரைக்கும் அந்தப் பக்கத்துக்குத்தான் முதல் தண்ணி!"

மேட்டுக்காட்டுக்கு மூன்று நரிகள் வந்தன. பள்ளக்காட்டில் ஓடத் தெம்பு இருந்தது முயல், கீரி, உடும்பு மூன்றுக்குத்தான்.

ஒத்திகை பார்த்தார்கள். உடும்பு குச்சியோடு ஓடி வந்தது. முயல் குச்சியை இழுத்தது. வரவில்லை! பலமாக இழுத்தது. குச்சியோடு உடும்பும் வந்தது!

"விடுங்க மாமா!"

வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தது. "நான் என்ன செய்வேன் தம்பி? கவ்வினா தாடை பூட்டிக்குது!" என்று உடும்பு கண் கலங்கியது.

"இவரை வெச்சுக்கிட்டு ஜெயிச்ச மாதிரிதான்! நம்ம குட்டிங்க சேத்தைத்தான் நக்கணும்!" என்றது முயல்.

கீரி மெல்லக் கேட்டது: "கடைசியா ஓடுறவர் குச்சியை யார்கிட்ட கொடுக்கணும்?"

"யார்கிட்டயும் இல்லை."

"அப்போ மாமாதான் கடைசி!"

"வேகம் பத்தாதே!"

"அந்த வேகத்தை நீயும் நானும் முன்னாடியே ஓடி வெச்சிடுவோம்."

போட்டி தொடங்கியது. முயல் பறந்தது. கீரி பாய்ந்தது. ஒத்திகையே பார்க்காத நரிகளோ, "இந்தா பிடி!" என்று சொல்ல வாயைத் திறந்து, இரண்டு தடவை குச்சியைக் கீழே போட்டன. உடும்பு நாற்பதடி முந்தி இருந்தது.

ஆனாலும் கடைசி நரி எட்டிப் பிடித்துவிட்டது. கோட்டுக்கு நாலடி முன்னால் உடும்பைத் தாண்டியும் போனது. பேசாமல் ஓடியிருந்தால் ஜெயித்திருக்கும். ஆனால் நரிக்கு ஜெயிப்பது மட்டும் போதவில்லை.

தன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி, "மாமாவை வெறும் வாயோட நிக்க வைக்கிறேன் பார்!" என்று உடும்பின் குச்சியைக் கவ்வி இழுத்தது. உடும்பு நகத்தைத் தரையில் ஊன்றியது.

"மாமா, ஊனாதீங்க! காலை மடக்குங்க!" என்று கத்தியது கீரி.

உடும்பு காலை மடக்கியது. தான்தான் ஜெயிக்கிறோம் என்று நரி பின்னோக்கி நடந்தபடியே இழுத்தது, இழுத்தது... உடும்பையும் குச்சியையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது!

"பள்ளக்காடு!" என்று அகவியது மயில். தன் குச்சி கோட்டைத் தாண்டாமல் கிடப்பதை நரி அப்போதுதான் பார்த்தது.

ஆளுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தினால், அவருடைய குறையே கூட்டத்துக்குப் பலம்.

குச்சி இன்னும் உடும்பின் வாயிலேயே இருந்தது. கீரி அதை இழுக்கவில்லை. உடும்பை மெதுவாக ஊற்றங்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய், மூக்கு நனையும்படி தண்ணீர்ப் பக்கம் திருப்பி, "முதல் வாய் உங்களுக்குத்தான் மாமா, தாடை திறந்ததும் குடிங்க" என்று சொல்லி விலகி நின்றது.