வளைகாப்பில் வாய் திறந்த வாத்து

ஏரிக்கரைத் தோப்பில் செவலை என்ற நாய் முதல்முறையாகச் சினைப்பட்டிருந்தது. தோப்பே கொண்டாட்டத்தில் இருந்தது!

“நம்ம செவலைக்கு வளைகாப்பு போட்டே ஆகணும்!” என்றது மந்தி. அந்தத் தோப்பில் எந்த விசேஷம் என்றாலும் மந்திதான் முன்னால் நிற்கும். அழைக்காவிட்டாலும் நிற்கும்! நல்ல நாள் பார்க்கிறேன், நல்ல நாள் பார்க்கிறேன் என்று அது இழுத்தடித்ததில், செவலை குட்டி போடும் நாளே நெருங்கிவிட்டது.

வளைகாப்பு அன்று காலை செவலை மண்ணில் குழி பறித்துக்கொண்டே இருந்தது. வைத்த சோற்றையும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான வாத்து பதறிப்போனது.

“பயப்படாதே! குட்டி போடப்போற நாய் குழி பறிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். எல்லாம் வழக்கம்தான்” என்றது மந்தி.

அது சொன்னது சரிதான். அதனால் எல்லோரும் நிம்மதியாகக் கொடிகளை முறுக்கி, வளையல் செய்து, செவலையின் முன்னங்கால்களில் மாட்டிவிட்டார்கள். பந்தலில் பாட்டு தொடங்கியது.

செவலை மட்டும் அடிக்கடி எழுந்து புதர்ப் பக்கம் போனது. வாத்து பின்னாலேயே போய்ப் பார்த்தது.

ஓடிவந்து மந்தியின் காதில் சொன்னது: “அக்கா, செவலைக்குக் குட்டி வர்ற வழியில பச்சையா தண்ணி போகுது! குட்டி ஒண்ணுகூட வரலையே!”

“உஷ்! நல்ல காரியம் நடக்கிற இடத்துல அபசகுனமா பேசாதே! இதுவும் வழக்கம்தான்” என்று அதட்டியது மந்தி. பிறகு இன்னும் உரக்கப் பாடியது.

வாத்து மறுபடி புதருக்கு ஓடியது. “உண்மையைச் சொல்லு செவலை, எப்படியிருக்கு?”

“ரொம்ப நேரமா முக்கிப் பார்க்கிறேன். ஒண்ணும் வரலை. உயிர் போகுது! ஆனா எல்லாரும் எனக்காகச் சந்தோஷமா பாடுறாங்க. அதைக் கெடுக்க மனசு வரலை.” செவலையின் கண்கள் கலங்கியிருந்தன.

வாத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேராகப் பந்தலின் நடுவில் போய் நின்றது.

“பாட்டை நிறுத்துங்க! செவலைக்கும் குட்டிங்களுக்கும் ஆபத்து!”

“மங்களமான இடத்துல என்ன பேச்சு இது!” என்று மந்தி எகிறியது.

“குட்டிங்க உயிரோட வந்தாதானே மங்களம்!”

கூட்டத்தில் இருந்த எருமை, மென்றுகொண்டிருந்த கரும்பைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டது. “ஏத்துங்க என் முதுகுல! ஊர்க்கோடியில மாட்டு டாக்டர் வீடு இருக்கு.” செவலை விழாமல் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? அபசகுனம் என்று அதட்டிய மந்தியேதான்!

டாக்டர் தொட்டுப் பார்த்தார். முதல் குட்டி குறுக்கே சிக்கிக் கிடந்தது. “குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சைத் தண்ணி போனா ஆபத்து. நல்லவேளை, இப்பவே வந்தீங்க! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தாயும் தப்பியிருக்காது” என்றார். உடனே வயிற்றைத் திறந்து குட்டிகளை எடுத்தார். கொழுகொழுவென்று நான்கு! நான்கும் கீச்சிட்டுக் கத்தின!

மயக்கம் தெளிந்த செவலை குட்டிகளை நக்கி நக்கி ஓயவில்லை. மந்தி வாத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, சிரித்தது, மறுபடி அழுதது.

நல்ல காரியம் நடக்கும் இடமென்று ஆபத்தைச் சொல்லக் கூசினால், அந்த நல்ல காரியமே நடக்காமல் போய்விடும்.