தாகத்தோடு அடைகாத்த பொன்காலி

கருவேலங்காட்டுக் குளத்தின் கரையில் பொன்காலி என்ற ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று எதுவும் இல்லை. வெறும் தரையில் நான்கு முட்டைகள், சுற்றிலும் கூழாங்கற்கள். அவ்வளவுதான்.

போன கோடையில் அது தண்ணீர் குடிக்கப் போன சிறிது நேரத்தில், ஒரு கீரி வந்து முட்டைகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து பொன்காலிக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது.

ஓர் இலை உதிர்ந்தால் போதும், "யாரது? யாரது?" என்று அலறும். தும்பி பறந்தாலும் அலறும். மேகத்தின் நிழல் தரையில் ஓடினால் அதற்கும் அலறும்.

பக்கத்துப் புதரில் குட்டிகளோடு இருந்த முயல் ஓடி வந்தது.

"அக்கா! காலையிலிருந்து இது பதினேழாவது தடவை! என் குட்டிகள் பால்கூடக் குடிக்காமல் நடுங்குகின்றன. என்ன வந்தது?"

"ஏதோ அசைந்தது!"

"எது?"

"அந்தப் புதரில், நீளமாக, இரண்டு!"

"அது என் காது, அக்கா!"

முயல் திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு பொன்காலி எத்தனை முறை அலறினாலும் அது எட்டிப் பார்க்கவில்லை.

பொன்காலியின் கணவன் கருங்கழுத்தன் தினமும் கெஞ்சியது. "நான் அடையில் உட்காருகிறேன். நீ போய்த் தண்ணீர் குடித்து, நாலு புழு தின்றுவிட்டு வா!"

"வேண்டாம்! போன தடவையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னீர்கள்!"

அந்த வார்த்தை கருங்கழுத்தனுக்கு வலித்தது.

பத்து நாட்கள் போயின. சித்திரை வெயில் கொளுத்தியது. கருங்கழுத்தன் கொண்டுவந்து கொடுத்த பூச்சிகளைத் தவிர வேறு இரையில்லை. பொன்காலியின் கால்கள் துவண்டன. பத்தாம் நாள் உச்சிவேளையில், தன்னை அறியாமல் அது கண் அயர்ந்துவிட்டது.

மண் சரசரக்கும் சத்தம் கேட்டு விழித்தது. ஒரு முழ தூரத்தில் உடும்பு! பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போனது.

பொன்காலி அலற வாயைத் திறந்தது. வறண்ட தொண்டையிலிருந்து கரகரவென்று காற்றுத்தான் வந்தது. புதரில் இருந்த முயலுக்கு ஏதோ கரகரப்பு காதில் விழுந்தது. 'அக்காவுக்கு வேறு வேலை இல்லை' என்று அது புரண்டு படுத்தது.

அடுத்த கரையில் இரை தேடிய கருங்கழுத்தன் இதைப் பார்த்துப் பறந்து வந்தது. உடும்பின் முன்னால் விழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. உடும்பு அதைத் துரத்திக்கொண்டு போனது. ஆனால் அதற்குள், பொன்காலி பதறி எழுந்த நொடியில், அது ஒரு முட்டையை விழுங்கிவிட்டிருந்தது.

"இமை கொட்டாமல் காத்தேனே!" என்று பொன்காலி அழுதது.

"காத்தாய். அதனால்தான் கூப்பிடக்கூடக் குரல் இல்லாமல் போனது" என்றது உடும்பைத் தொலைவில் விட்டுத் திரும்பிய கருங்கழுத்தன். அதன் பேச்சில் கோபம் இல்லை. "இந்த மூன்றையும் தொட்டுப் பார், எப்படிக் கொதிக்கின்றன! குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈர வயிற்றோடு வந்து உட்கார். உனக்கும் குளிர்ச்சி, முட்டைக்கும் குளிர்ச்சி. குளம் நூறு எட்டுத்தான். திரும்பிப் பார்த்தால் நான் தெரிவேன்."

பொன்காலி எழுந்தது. நூறு எட்டுக்குள் பத்து முறை திரும்பிப் பார்த்தது. தண்ணீர் குடித்தது. முங்கியது. பதறியடித்து ஓடி வந்தது. மூன்று முட்டைகளும் இருந்தன! ஈரச் சிறகு பட்டதும் அவற்றின் சூடு தணிந்தது.

மறுநாள் ஆறு முறைதான் திரும்பிப் பார்த்தது. பிறகு வெயில் ஏறுமுன் சேற்றில் புழு பொறுக்கவும் போனது. கருங்கழுத்தன் அடையில் இருக்கும்போது நிழலில் கொஞ்சம் கண்ணை மூடவும் பழகியது. ஏதாவது அசைந்தால் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, என்ன அது என்று முதலில் பார்த்தது. பெரும்பாலும் இலைதான்.

பயம் போய்விடவில்லை. கண்ணை மூடினால் கீரியின் முகம் வந்தது. ஆனால் இப்போது அந்தப் பயத்தோடு எழுந்து நடமாட முடிந்தது.

ஒரு மாலை, புல்லுக்குள் ஏதோ அசைந்தது. பொன்காலி மூச்சை இழுத்துப் பார்த்தது. கூர்மூக்கு! குள்ளநரி!

"நரி! நரி!"

காடே அதிர்ந்தது. முயல் குட்டிகளை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தது. கொக்குகள் படபடவென்று எழுந்தன. சேற்றில் கிடந்த எருமை தலையைத் தூக்கிச் சீறியது. நரி வந்த வழியே ஓடிவிட்டது.

"நாலு நாளாக உன் சத்தமே இல்லை, அக்கா! அதனால்தான் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது!" என்றது முயல், மூச்சு வாங்கியபடி.

சில நாட்களில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. பொரிந்த அன்றே அவை தாமாகக் கரையில் ஓட ஆரம்பித்தன. பொன்காலியின் நெஞ்சு மறுபடி படபடத்தது.

"நீங்கள் குஞ்சுகளோடு போங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்!" என்றது அது.

தன் பசியையும் தாகத்தையும் களைப்பையும் நாள்தோறும் கொஞ்சமாவது கவனித்துக்கொள்பவரால்தான், தன்னை நம்பி இருப்பவர்களைக் காக்க முடியும்.