தண்டராயரின் முள் கடிவாளம்

மழை கேட்டபோது பெய்த ஒரு காலத்தில், பொன்வேலி நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருவனை நாடுகடத்திவிட்டு, சாப்பாட்டு வேளையில் "எங்கே அவனைக் காணோம்?" என்று தேடுவான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் பாட்டனாருக்கு யாரோ விஷம் கலந்த பாயசம் கொடுக்கப்போய் வந்த வழக்கம். அரண்மனைக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவரே அதைச் சபை நடுவில் முதலில் அனுபவித்துக் காட்ட வேண்டும். பலகாரமா, தின்ன வேண்டும். செருப்பா, போட்டு நடக்க வேண்டும். கட்டிலா, படுத்துப் புரள வேண்டும்.

இந்த வழக்கத்தை நினைத்தாலே மந்திரி அறவாழிக்கு நாக்கு கசக்கும். போன மாதம் பட்டத்து யானைக்கு வயிறு உப்பியபோது அவர் ஒரு தவலை வேப்பங்கஷாயம் காய்ச்சி எடுத்துவந்தார். லாயத்து அதிகாரி தண்டராயர் சும்மா இருப்பாரா? அறவாழிக்கு மந்திரிப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"வழக்கம் என்றால் வழக்கம்தான், மந்திரியாரே. குடிக்கப்போவது யானையா மனிதனா என்று யார் கேட்டார்கள்? கொண்டுவந்தவர் நீர். குடியும்."

"ஒரு மிடறு போதுமா?"

"யானைக்கு ஒரு மிடறா கொடுக்கப்போகிறீர்? ஒரு செம்பாவது குடியும்."

ராஜாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான். அறவாழி குடித்தார். மறுநாள் அவரால் சபைக்கு வர முடியவில்லை. ஏன் என்று விவரிக்க வேண்டாம்.

அது போகட்டும். ராஜாவுக்கு மேகன் என்றொரு குதிரை. கொடியேற்ற ஊர்வலத்தில் வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, அது ராஜாவைச் சாணிக் குவியலில் தள்ளிவிட்டது. ஊரே பார்த்தது. ராஜாவுக்கு முகம் சிவந்தது.

"வெள்ளிக்கிழமை மறுபடி ஏறுவேன். அன்றைக்கும் முரண்டு பிடித்தால் வெட்டிப்போடுங்கள்."

"அதை வழிக்குக் கொண்டுவர என்னிடம் ஒன்று இருக்கிறது, அரசே. வெள்ளிக்கிழமை சபையில் சமர்ப்பிக்கிறேன்" என்றார் தண்டராயர்.

வெள்ளிக்கிழமை காலையில் அறவாழி லாயத்துக்குப் போனார். மேகன் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைப்பதும் எடுப்பதுமாக நின்றது. குடிக்கவில்லை. தண்ணீரில் இளஞ்சிவப்பாக நுரை மிதந்தது. அறவாழி கழுத்தைத் தடவிக்கொடுத்து, அதன் உதட்டை மெல்ல விலக்கினார். நாக்கெல்லாம் புண்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த வாயில் எதை மாட்டினாலும் குதிரை துள்ளும். துள்ளினால் இன்றே வெட்டு. 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று சொன்னால் ராஜா கேட்கப்போவதில்லை. சாணி நாற்றம் இன்னும் அவன் மூக்கைவிட்டுப் போகவில்லை. வேறு என்ன செய்வது?

யோசித்தபடியே சபைக்கு வந்தார். தண்டராயர் வெள்ளைப் பட்டு விரித்த தட்டில் ஒரு கடிவாளத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வாய்க்குள் போகிற கம்பியில் வரிசையாக இரும்பு முள்.

"இரண்டு நாளாகப் போட்டுப் பழக்கியிருக்கிறேன், அரசே. ஒரு இழுப்பு போதும், பூனைக்குட்டி மாதிரி நிற்கும்."

"பலே" என்றான் ராஜா. "மாட்டுங்கள்."

தட்டைப் பார்த்ததுமே அறவாழியின் நாக்கில் வேப்பங்கசப்பு ஊறியது. கூடவே ஒரு யோசனையும். எழுந்தார்.

"அரசே, வழக்கம் ஒன்று பாக்கியிருக்கிறது."

தண்டராயர் சிரித்தார். "இது குதிரைக்கு, மந்திரியாரே."

"அந்தக் கஷாயம் யானைக்கு, தண்டராயரே."

சபையில் யாருக்கோ புரையேறியது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான் என்ன குதிரையா?"

"நானும் அன்றைக்கு யானையாக இல்லையே."

தண்டராயர் ராஜா பக்கம் திரும்பினார். "அரசே, தங்கள் பாரம் சுமக்கும் வாகனம் நான். என்னைப் போய்..."

"வாகனம்தானே?" என்றான் ராஜா. "மாட்டிக்கொள்ளும்."

வேறு வழியில்லை. தண்டராயர் கம்பியை வாயில் வைத்தார். கண் பிதுங்கியது.

"வலிக்கிறதா?" என்று கேட்டான் ராஜா.

கௌரவம் விடுமா? இல்லை என்று தலையாட்டினார்.

"வலிக்கவில்லையாம்" என்றான் ராஜா, ஏமாற்றத்தோடு.

"வாயில் வைத்துக்கொண்டால் மட்டும் ஆயிற்றா, அரசே? வாரைப் பிடித்து இழுத்தால்தானே கடிவாளம்" என்றார் அறவாழி.

ராஜா இறங்கிவந்து இரண்டு விரலால் வாரை லேசாக இழுத்தான். தண்டராயர் அலறிக்கொண்டு மண்டியிட்டார். வெள்ளைப் பட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது. "இரண்டு விரலால்தானே இழுத்தேன்?"

"குதிரைமேல் இருக்கும்போது இரண்டு கையாலும் இழுப்பீர்கள், அரசே. தண்டராயரால் அலற முடிகிறது. மேகனால் துள்ளத்தான் முடியும்."

ராஜா நேராக லாயத்துக்கு நடந்தான். சபை பின்னாலேயே ஓடியது. மேகனின் வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கடிவாளம் எதுவும் இல்லாமல், வெறும் கயிற்றைக் கழுத்தில் போட்டு வெளியே நடத்தினான். அறவாழி அந்தக் கயிற்றையே பார்த்தபடி பின்னால் போனார். இப்போது துள்ளினால் எல்லாம் போச்சு.

மேகன் துள்ளவில்லை. ராஜாவின் தோளுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை ஏறுவதாகச் சொன்னேன். எந்த வெள்ளிக்கிழமை என்று சொன்னேனா?" என்று ராஜா சபையைப் பார்த்தான். யாரும் சொன்னதாகச் சொல்லவில்லை. "புண் ஆறட்டும். ஊர்வலத்தில் இனி வேட்டும் வேண்டாம். இன்னொன்று: அங்குசமோ சாட்டையோ, வாயில்லா ஜீவனுக்கு என்று எதைச் செய்தாலும், செய்தவன் முதலில் தன் உடம்பில் வைத்துக் காட்ட வேண்டும்." அடுத்த சந்தையிலேயே மாடு ஓட்டும் தார்க்குச்சிகள் நுனியில் ஆணியில்லாமல் வந்தன.

அறவாழிக்கு முத்துமாலை கிடைத்தது. "தண்டராயரை என்ன செய்யலாம்? நாடுகடத்தவா?" என்று கேட்டான் ராஜா.

"வேண்டாம் அரசே, மாலையில் அவரைத் தேடுவீர்கள். மேகன் வாய்க்குத் தினமும் அவரே மருந்து போடட்டும்."

வைத்தியர் வெண்ணெயும் மஞ்சளும் குழைத்து ஒரு கிண்ணம் கொடுத்தார். இரண்டு வாய்க்கும் அதே மருந்துதான். தண்டராயர் மேகனுக்குத் தடவினார். பிறகு யாரும் பார்க்காதபோது தன் உதட்டிலும் தடவிக்கொண்டார். மேகன் அவர் முகத்தை மோந்து பார்த்தது. கடிக்கவில்லை.

அப்புறம் தொட்டியில் வாய் வைத்தது. சர், சர்ரென்று தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டபிறகுதான் அறவாழியின் நாக்கிலிருந்து அந்தக் கசப்பு போனது.