கூப்பிட்டால் வரும் வைரம்

முன்னொரு காலத்தில் ஏழுகுன்றூரைக் கொண்டல்வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பாயசம் கேட்பான், வந்ததும் ரசம் எங்கே என்பான். அப்பேர்ப்பட்டவனிடம் குப்பை கொட்டியவர் அமைச்சர் பொன்னரங்கம்.

அவர் பதவிமேல் பொக்கிஷக்காரர் மாசிலாமணிக்கு ஒரு கண். "என் பேரே மாசில்லாத மணி. ஒரு பொட்டுக் குறை காட்டுங்கள் பார்ப்போம்" என்று மூக்கால் பேசுவார். சாப்பாட்டுக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம்.

ஒருநாள் சபையில் ஆரம்பித்தார். "புல் பூண்டுகூட மகாராஜா சொன்னபடி கேட்கும் என்கிறாரே அமைச்சர். வைரம் கேட்குமா?"

"அதானே" என்று ராஜா நிமிர்ந்தான். "பொன்னரங்கம், நாளைக்கு மூன்று தரம் கூப்பிடுவேன். வைரம் என்னிடம் வரவேண்டும். வராவிட்டால் உம்முடைய பதவி மாசிலாமணிக்கு."

பொக்கிஷத்தில் ஐந்து வைரம். ஒன்றின் வயிற்றில் கடுகளவு கறுப்பு. காகபாதம், தோஷம் என்று ஒதுக்கிவைத்த கல். காந்த ஊசி அதன் பக்கம் திரும்பியதை அமைச்சர் ஒருமுறை பார்த்திருந்தார். ஆனால் மாசிலாமணியாவது, கேட்டதைக் கொடுப்பதாவது.

"எதை வேண்டுமானாலும் கொடும், ஓய். அந்தக் காகபாதக் கல் மட்டும் வேண்டாம். உமக்குப் புண்ணியமாகப் போகும்" என்று குரலை நடுங்கவிட்டார்.

மறுநாள் வெள்ளித்தட்டில் வந்தது அதே கல்தான்.

அமைச்சர் அதைப் பட்டுநூலில் கட்டித் தொங்கவிட்டார். ராஜாவின் விரலில் காந்தக்கல் மோதிரம் ஒன்றைப் போட்டு, "கையை நீட்டிக் கூப்பிடுங்கள்" என்றார்.

"வா" என்றான் ராஜா. கல் சும்மா தொங்கியது. "வாப்பா" என்று கையைக் கிட்டே கொண்டுபோனான். லேசாக ஆடியது. "வாடா என் கண்ணு." கல் நகர்ந்து போய் மோதிரத்தோடு ஒட்டிக்கொண்டது.

"மோசடி. காந்தம் இரும்பைத்தான் இழுக்கும், வைரத்தை இழுக்காது" என்று மாசிலாமணி மூக்கால் கத்தினார்.

"அப்படியா? மற்ற நாலையும் தொங்கவிடும்" என்றான் ராஜா. கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. "என்னய்யா இது?"

"அவர் சொல்வது சரிதான், அரசே" என்றார் அமைச்சர். "வந்தது வைரமில்லை. அதன் வயிற்றிலிருக்கும் கறுப்பில் இரும்பு இருக்கிறது. அது வைரத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. மாசில்லாத கல் எத்தனை தரம் கூப்பிட்டாலும் வராது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "பதவியும் உமக்கே, இந்தக் கல்லும் உமக்கே" என்றவன், மெதுவாகத் திரும்பினான். "மாசிலாமணி, இங்கே வாரும்."

வந்தால் உள்ளே மாசு. வராவிட்டால் ராஜத்துரோகம். ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

சபை சாப்பாட்டுக்குக் கலைந்தபோதும் அந்தக் கால் தரைக்கு வரவில்லை.