உமையாள் தாழிட்ட கொல்லை

ராஜாக்கள் மலைமேல் குடியிருந்த காலத்தில் கருவேலங்கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஏறி வர ஒரே வழி, மேற்கு வாசல்.

கேளுங்கள், அந்தக் கோட்டைக்குள் உமையாள் என்று ஒருத்தி இருந்தாள். எண்ணெய் வியாபாரி சாத்தப்பனின் மனைவி. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். அந்த வீட்டில் புலால் சமைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால், பாறைக்கும் மதிலுக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரு சின்னக் கொல்லை. அதில் ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, பந்தலில் சுரையும் அவரையும், தரையில் தண்டுக்கீரை. அரிசி கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் அதற்கே ஊற்றுவாள். காலையில் பறித்ததை உச்சிக்குள் சமைத்துவிடுவாள். முருங்கைக்கீரையைப் பருப்போடு போட்டு ஒரு கொதி. அவரைக்காயை நறுக்கி மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு பொரியல். தண்டுக்கீரையைக் கடைந்து, எலுமிச்சை பிழிந்து, சுடுசோற்றில் பிசைந்து ஊட்டினால் பிள்ளைகள் கையை நக்குவார்கள். அவ்வளவுதான் அவள் சமையல்.

ஒரு வருஷம், அறுவடை முடிந்த கையோடு, வடக்கேயிருந்து ஒரு படை வந்து மலையடிவாரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

ராஜா கலங்கவில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருந்தது. ஊர் ஆடுகளையெல்லாம் அறுத்து உப்புக்கண்டம் போட்டுக் கொடிகளில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நாம் உட்கார்ந்து தின்னலாம். அவன் கீழே கிடந்து காயட்டும்!" என்று ராஜா சிரித்தார். ஊரும் சிரித்தது.

மற்ற வீட்டுக் கொல்லைகளை அந்த ஆடுகள் எப்போதோ மேய்ந்து மொட்டையாக்கியிருந்தன. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கறியும் சோறும் இருக்கும்போது கீரையைத் தேடுவது யார்?

மாதங்கள் போயின. முதலில் ஊர் சோர்ந்தது. பிறகு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பிறகு கால்களில் கருநீலமாய்த் திட்டுத் திட்டாய்ப் படர்ந்தது. என்றோ ஆறிப்போன காயங்கள்கூடத் திறந்துகொண்டன. களஞ்சியம் நிறைந்திருக்க, மனிதர்கள் விழுந்தார்கள்.

வைத்தியர் காற்று கெட்டுவிட்டது என்றார். பூசாரி தெய்வக் குற்றம் என்றார். ராஜா ஆளுக்கு இன்னொரு துண்டு கறி கொடுக்கச் சொன்னார்.

உமையாள் வீட்டில் மட்டும் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள்.

பக்கத்து வீட்டில் பேச்சி என்பவள் இருந்தாள். அவள் புருஷன் முத்திருளன் மேற்கு வாசல் காவல்காரன். அவர்களுக்கு ஒரே மகள், செல்லி. அவளும் படுத்துவிட்டாள்.

ஒருநாள் பேச்சி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. குழைவாய் ஏதாவது இருந்தால் கொடுங்கள்."

உமையாள் ஒரு சட்டி நிறையக் கீரை மசியல் கொடுத்தாள், எலுமிச்சையும் பிழிந்து. மறுநாளும் கொடுத்தனுப்பினாள். சில நாளில் செல்லி எழுந்து உட்கார்ந்தாள். வாயில் ரத்தம் நின்றிருந்தது.

அப்போதுதான் உமையாளுக்கு விளங்கியது, ஊருக்கு நோய் எதனால் வந்தது, அதற்கு மருந்து எங்கே வளர்கிறது என்று. விளங்கியதும் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தாள். அது ஒரு குடும்பத்துக்கு மட்டும் போதுமான கொல்லை.

பேச்சி இரண்டாம் முறை வந்தபோது உமையாள் அரைச்சட்டிதான் கொடுத்தாள். "இதோடு தீர்ந்துவிட்டது பேச்சி, இனி காய்ப்பு இல்லை" என்றாள். கொடுத்த கையோடு கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டாள்.

செல்லி மறுபடியும் படுத்தாள்.

மூன்றாம் முறை பேச்சி வந்தாள். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "மசியலும் வேண்டாம், பொரியலும் வேண்டாம் அக்கா. ஒரு பிடி கீரைவிதை கொடுங்கள். என் கொல்லையில் நானே தூவிக்கொள்கிறேன். பக்கத்துத் தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள். முளைத்ததும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வோம்."

விதை இருந்தது. உள்ளே, கலயத்தில், வாய்கட்டி வைத்திருந்தாள். ஆனால் உமையாளின் மனம் வேறு கணக்குப் போட்டது. எல்லோரும் விதைத்தால் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள். கோட்டைக்குள் இருக்கிற ஒரே சுனையும் வற்றும். என் கொல்லை காயும். என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

"விதையா? ஏது பேச்சி? போன மழையிலேயே எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்றே."

பேச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

அடுத்த அமாவாசைக்குள் செல்லி செத்துப்போனாள்.

உமையாள் துக்கத்துக்குப் போனாள். அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு அவரைக்காய்ப் பொரியல் செய்தாள். காய் குறைந்துகொண்டே வந்ததால் தன் பங்கையும் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் வைத்துவிட்டு, களஞ்சியத்து நெல்லைக் கஞ்சியாகக் காய்ச்சித் தான் குடித்தாள். அவள் காலிலும் நீலம் படர்ந்தது. அதை யாருக்கும் காட்டவில்லை. நான் போனாலும் போகிறேன், என் வீடு பிழைத்தால் போதும் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வெளியே ஒரு மேற்கு வாசல் இருப்பதை அவள் நினைக்கவில்லை.

முத்திருளனும் அவன் ஆட்களும் வாசலில் கிடந்தார்கள். வேல்கம்பை ஊன்றித்தான் எழுந்திருக்க முடிந்தது. ஒரு விடியற்காலை எதிரி ஏணி சாத்தியபோது, வில்லை வளைக்க அங்கே ஒரு கையிலும் வலு இல்லை. முத்திருளன் கொம்பை எடுத்து வாயில் வைத்தான். ஊத முடியவில்லை. கொம்பு நிறைய ரத்தம்தான் வழிந்தது.

சூரியன் மேலேறுமுன் கோட்டை விழுந்தது.

எதிரிப் படைத்தலைவன் ஊர் ஜனத்தை முற்றத்தில் நிறுத்தினான். நோய் பிடித்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான். "இவர்களை இழுத்துக்கொண்டு போய் என்ன செய்ய? நடக்கத் தெம்புள்ளவர்களை மட்டும் பிரித்து நிறுத்து. நம் நாட்டில் கல் சுமக்க ஆள் வேண்டும்" என்றான்.

அந்தக் கூட்டத்தில் கன்னம் பளபளத்தவர்கள் உமையாளின் மூன்று பிள்ளைகள். நிமிர்ந்து நின்றவன் சாத்தப்பன். முதலில் அவர்களைத்தான் பிரித்தார்கள்.

"ஐயா, அவர்களும் நோயாளிகள்தான்! என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்!" என்று உமையாள் கத்தினாள். படைவீரன் ஒருவன் நீலம் படர்ந்த அவள் காலைப் பார்த்தான். ஈட்டிக்காம்பால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போனான். கடைக்குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலையிறங்கியது. தூசி அடங்கும் வரைக்கும் அவள் அங்கேயே கிடந்தாள்.

கொல்லையைக் குதிரைகள் மிதித்துத் துவைத்திருந்தன. முருங்கை மட்டும் ஒரு கிளையோடு நின்றது. உமையாள் அந்தக் கீரையை உருவி, பழக்கம் விடாமல் ஆய்ந்து, உப்புப் போட்டு வேகவைத்தாள். இலை போட்டுப் பரிமாற வீட்டில் யாரும் இல்லை. சட்டியோடு பேச்சி வீட்டுக்குப் போனாள்.

முத்திருளன் குற்றுயிராய்க் கிடந்தான். பேச்சி சட்டியை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் அவனுக்கு ஊட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்றைக்கு விதை இருந்ததா, அக்கா?"

"இருந்தது" என்றாள் உமையாள்.

பேச்சி சட்டி காலியாகும் வரை ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு உமையாள் விதைக் கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கீரை முளைத்தது, மிஞ்சியவர்கள் எழுந்து நடந்தார்கள். மலையிறங்கிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஆகையால் கேட்டவர்களே, தன் வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டுகிற கை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நீளாவிட்டால், அது தன் பிள்ளையையும் காப்பாற்றாது.